கதவைத் தட்டுபவருக்காகச் சுட்டது

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸை ஒட்டிக் கிடக்கும் ஷ்ராப்ஷயரில், நவம்பர் பிறந்ததும் வீட்டு மேசையின் மேல் சிறு ரொட்டிகளைக் கோபுரமாக அடுக்கிவைப்பார்கள் என்று ஜான் ஆப்ரி எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. பழைய வழக்கங்கள் கண்ணெதிரே அழிவதைக் கண்டு, காதில் விழுந்ததையெல்லாம் குறித்துக்கொண்டே போன மனிதர் அவர். அன்று வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆன்ம ரொட்டி என்று அதற்குப் பெயர். இறந்தவர்களை நினைத்துச் சுட்டு, இருப்பவர்கள் தின்பதற்குக் கொடுத்தார்கள்.

அந்த அடுக்கை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அதன் உயரத்திலேயே போய் நிற்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு இல்லாமல் சுட்ட பண்டம். வருகிறவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பசி எவ்வளவு என்றும் தெரியாது. அப்படி ஒரு பலகாரத்தை நுணுக்கமாகச் செய்துகொண்டிருக்க முடியாது. மாவு, கொழுப்பு, கையில் இருக்கிற இனிப்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், மேலே ஒரு சிலுவைக் கீறல். வசதியுள்ள வீடுகளில் பிற்காலத்தில் வெண்ணெயும் முட்டை மஞ்சளும் ஜாதிக்காயும் உலர்திராட்சையும் சேர்ந்துகொண்டன. அடிப்படை மாறவில்லை. அக்டோபர் வந்தால் அமெரிக்கப் பத்திரிகைகளும் மளிகைக் கடைகளும் 'எளிதில் செய்யக்கூடிய ஹாலோவீன் குக்கிகள்' என்று படம் போட்டு அழைக்கின்றன. அந்த எளிமையை வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கான சலுகை என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அது ஆப்ரி பார்த்த மேசையிலிருந்து வருவதாகப் படுகிறது. நிறையப் பேருக்குக் கொடுக்க நினைக்கிறவள் எளிதாகத்தான் சுடுவாள்.

தேதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 1 புனிதர் அனைவருக்குமான திருநாள்; மேற்கு ஐரோப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தேதி நிலைபெற்றது. அதற்கு மறுநாளை இறந்தவர் எல்லாருக்குமான மன்றாட்டு நாளாக்கியவர் பிரான்ஸின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அது நடந்தது. முதல் திருநாளுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அறுவடை முடிந்து குளிர் இறங்குகிற அதே நாட்களில் அயர்லாந்தில் ஸவின் என்ற பழைய பருவ விழா ஒன்றும் இருந்தது. எது எதற்குள் கலந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

எனக்கு இந்த நாட்கள் வேறு வழியாகப் பழக்கம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் நவம்பரை உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம் என்றுதான் ஆச்சி சொல்வாள். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வருவோம். அன்று சாயங்காலம் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் சாம்பிராணியுமாகக் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிடும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்று ஆச்சி முந்தானையில் சில்லறை முடிந்து வைத்திருப்பாள். கொடுக்கும்போது தாத்தா பெயரைச் சொல்லிக் கொடுப்பாள். வாங்குகிறவரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லித்தான் வாங்கிக்கொள்வார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் ஆத்துமாவுக்கு இங்கே நாம் செய்யும் ஜெபம் போய்ச் சேரும், அதன் காத்திருப்பு குறையும் என்பது நம்பிக்கை.

ஷ்ராப்ஷயரின் ஆன்ம ரொட்டியைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துப் படித்தபோது, முடிச்சை அவிழ்க்கும் ஆச்சியின் விரல்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. அங்கேயும் இதே கணக்குதான். அதே ஷ்ராப்ஷயரில் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஜான் மிர்க் என்ற துறவி, முன்காலத்து நல்லவர்கள் இந்த நாளில் ரொட்டி வாங்கித் தாங்கள் நேசித்த ஆன்மாக்களுக்காகப் பகிர்ந்து கொடுத்தார்கள் என்று பிரசங்கம் எழுதினார். வீட்டுக்காரர் ரொட்டி கொடுக்கிறார்; தட்டியவர் ஜெபம் கொடுக்கிறார். ஏழையின் ஜெபத்துக்கு மதிப்பு அதிகம் என்று நம்பிய காலம். ஆகவே வெறுங்கையோடு யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்ட ஒன்று தட்டியவரிடம் இருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இருந்த சமநிலை எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. ஹாலோவீனின் பிற்கால வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பின்தொடரலாம்: கதவைத் தட்டுகிறவர் பதிலுக்கு என்ன கொண்டுவருகிறார்?

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபை 1571-இல் இறுதி வடிவம் கொடுத்த முப்பத்தொன்பது கொள்கை விதிகளில் உத்தரிக்கிற ஸ்தலம் வெறும் கற்பனை என்று தள்ளப்பட்டது. ஜெபத்தின் மதிப்பு ஒரே எழுத்தில் போயிற்று. ஆனாலும் ரொட்டி நிற்கவில்லை. ஷ்ராப்ஷயரிலும் செஷயரிலும் மக்கள் நவம்பர் தொடக்கத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஜெபத்தின் இடத்தில் இப்போது பாட்டு. பிறகு பெரியவர்கள் விலகி, குழந்தைகள் மட்டும் பாடிக்கொண்டு போனார்கள். சார்லட் பர்ன் என்ற பெண்மணி 1880-களில் வெளியிட்ட ஷ்ராப்ஷயர் நாட்டார் வழக்காற்று நூலில் அந்தப் பாட்டுகளைத் தொகுத்துவைத்தார். செஷயரின் ஆன்ட்ரோபஸ் கிராமத்தில் இன்றும் அந்த நாட்களில் ஆன்ம ரொட்டிக்காரர்கள் என்ற பெயரிலேயே ஒரு குழு, குதிரை மண்டையோட்டைக் கம்பில் மாட்டிக்கொண்டு மதுக்கூடம் மதுக்கூடமாக நாடகம் போடுகிறது. நம்பிக்கையை எடுத்துவிட்ட பிறகும் பலகாரம் முந்நூறு வருடம் நின்றது என்றால், அது ஏதோ ஒரு தேவையைத் தனியாகவே நிறைவேற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் இப்போது வாழும் அமெரிக்காவுக்கு இந்த இரவைக் கொண்டுவந்தவர்களில் பெரும் பங்கு ஐரிஷ், ஸ்காட்டிஷ் குடியேறிகளுக்கு. குக்கிகள் அதற்கு முன்பே இங்கே இருந்தன. அமீலியா சிம்மன்ஸ் 1796-இல் வெளியிட்ட சமையல் புத்தகம், அமெரிக்கர் ஒருவர் எழுதி இங்கே அச்சான முதல் சமையல் நூல் என்று கருதப்படுகிறது. மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைப் போட்டு மாவை உப்பச்செய்யும் குக்கிக் குறிப்பு அதில் இருக்கிறது. நான் வாழும் பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடியேறிகளின் தகரக் கொல்லர்கள் மிஞ்சிய தகரத் துண்டுகளை வளைத்துக் குக்கி வெட்டும் அச்சுகள் செய்தார்கள். பறவை, குதிரை, இதயம். இங்குள்ள அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். பற்றவைத்த இடத்தில் கொல்லரின் கை நடுங்கியது கூடத் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த இரவு பையன்களின் அட்டகாச இரவாகிவிட்டது. வேலிக்கதவைக் கழற்றிக்கொண்டு போவது, கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பது, ஜன்னலுக்குச் சோப்புப் பூசுவது. மினசோட்டாவின் அனோக்கா நகரம் 1920-இல் ஊர்வலம் நடத்தி, பையன்களுக்குத் தின்பண்டம் கொடுத்து, அந்தக் குறும்பைத் திசைதிருப்பப் பார்த்தது. வீடுகளில் விருந்து வைக்கும் பழக்கமும் பரவியது. கனடாவின் மேற்கு மாகாணங்களில் இருபதுகளிலேயே 'ட்ரிக் ஆர் ட்ரீட்', தின்பண்டம் கொடு இல்லாவிட்டால் குறும்பு செய்வோம், என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் கதவைத் தட்டிய செய்திகள் பத்திரிகைகளில் வருகின்றன. ஜெபமாக இருந்து, பாட்டாக மாறி, இப்போது தட்டுகிறவர் கையில் இருப்பது ஒரு செல்லமான மிரட்டல்.

யுத்தம் இடையில் வந்தது. 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு. அது நீங்கிய பிறகுதான் இன்று நாம் அறிந்த ஹாலோவீன் எல்லா ஊர்களுக்கும் பரவியது. தொடக்கத்தில் கதவைத் திறந்த பெண்கள் கொடுத்தது எல்லாம் கையால் செய்தது: சோளப்பொரி உருண்டை, சர்க்கரைப் பாகில் முக்கிய ஆப்பிள், டோநட், குக்கி. சில வீடுகளில் காசு, கொட்டை, பழம். எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் இருக்கிறார். அவருடைய சிறுவயதில் வீடுகளை அடையாளம் சொன்னதே பண்டத்தை வைத்துத்தானாம். இஞ்சிக் குக்கி வீடு, டோநட் வீடு, பொரியுருண்டை வீடு. டோநட் சூடாக இருக்கும்போதே போய்விட வேண்டும் என்று மற்றத் தெருவையெல்லாம் விட்டுவிட்டு ஓடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எழுபது வருடம் காணாமல் போய்விடுகிறது.

அந்த வீடுகள் எப்படி மறைந்தன? மிட்டாய்க் கம்பெனிகள் சிறிய பொட்டலங்களை விற்கத் தொடங்கின, அது வசதியாக இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும், ஆப்பிளுக்குள் சவரக்கத்தி, மிட்டாய்க்குள் விஷம் என்ற பேச்சு நாடு முழுவதும் பரவியது. 1974-இல் டெக்ஸாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த இனிப்பைத் தின்று இறந்தான். கலந்தவர் முகம் தெரியாத அயலார் யாருமில்லை. காப்பீட்டுப் பணத்துக்காக அவனுடைய அப்பாவே அதைச் செய்தார். அதற்காக 1984-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊர் நினைவில் நின்றதோ அயலார் வீட்டு மிட்டாய்தான். 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ வலி மாத்திரைகளில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது அந்தப் பயம் உச்சத்துக்குப் போனது. பிள்ளைகள் கொண்டுவந்த மிட்டாய்ப் பைகளை மருத்துவமனைகள் இலவசமாக எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்த காலமும் வந்தது.

ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹொரியுச்சி என்ற இரு சமூகவியலாளர்கள் 1985-இல் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1958 முதல் பத்திரிகைகளில் வந்த செய்திகளையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். ஹாலோவீன் அன்று முகம் தெரியாத ஒருவர் தின்பண்டத்தில் எதையோ கலந்து ஒரு குழந்தையைக் கொன்றதாகவோ கடுமையாகக் காயப்படுத்தியதாகவோ உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெஸ்ட் அதற்குப் பிறகும் பல வருடம் கணக்கைத் தொடர்ந்தார், முடிவு மாறவில்லை. ஆனால் வழக்கம் மாறிவிட்டது. ஆலையில் உறையிட்டு ஒட்டாத எதையும் பிள்ளைகள் வாங்கவோ தின்னவோ வேண்டாம் என்பதுதான் இன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. நடக்காத ஒரு குற்றத்துக்காக, தெருவின் ஒவ்வொரு சமையலறையும் தண்டனை அனுபவிக்கிறது. இதைப் படித்த நாள் முதல் என்னால் இதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. முன்பெல்லாம் கதவைத் தட்டுகிறவர் யாரோ என்றுதான் வீட்டுக்காரர் தயங்கியிருப்பார். இப்போது தட்டுகிற குழந்தையின் பின்னால் நிற்கும் பெற்றோர், உள்ளே இருப்பவள் யாரோ என்று தயங்குகிறார்கள். பல நூறு வருடம் ஒரே திசையில் ஓடிய சந்தேகம் இருபது வருடத்தில் திரும்பிக்கொண்டது.

என் மகளுக்கு ஆறு வயதானபோது, ஆவி வடிவில் வெட்டிய குக்கிகள் தட்டு நிறைய ஆறிக்கொண்டிருந்தன. வாசலில் வைக்கக் கடை மிட்டாய்ப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நம்ம பண்ணினத ஏன் குடுக்க மாட்டேங்குறோம்?"

"வாங்கிட்டுப் போனாலும் அவங்க வீட்ல தூக்கிப் போட்ருவாங்க கண்ணு."

"ஏன், நம்மது நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. நம்ம யாருன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"அப்ப போய்ச் சொல்லிட்டு வருவோமே," என்றாள். அந்தப் பதிலை அன்று சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டேன். பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

செய்முறைக்கு வருகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 200 கிராம், ஒரு முட்டை, வனிலா ஒரு தேக்கரண்டி, மைதா 375 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் சற்று வெளிறும் வரை அடித்தால் போதும். கேக்குக்கு அடிப்பது போல நெடுநேரம் அடித்தால் உள்ளே காற்று சேர்ந்து, ஓவனில் உப்பிப் பிறகு தளர்ந்து வடிவம் குலையும். பேக்கிங் பவுடர் போடாததும் இதற்காகத்தான். மைதா சேர்த்ததும் கை குறைவாகப் பட வேண்டும். பரோட்டா மாவுக்கு எது பலமோ அதுவே குக்கிக்குப் பகை. பிசையப் பிசைய மாவில் இழை கூடி, வெந்ததும் மெதுவாக உடைய வேண்டியது ரப்பராகிவிடும். ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடலாம்.

பெரும்பாலான குறிப்புகள் மாவை உருண்டையாகச் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்கின்றன. பிறகு கல்லாகிப்போன உருண்டையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிசைந்த உடனே இரண்டு பேக்கிங் காகிதங்களுக்கு நடுவில் வைத்து அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனத்தில் தேய்த்துவிட்டு, தகடாகவே ஒரு மணி நேரம் குளிரவிடுவது எவ்வளவோ மேல். ஏன் குளிர வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வெண்ணெய் முப்பத்தைந்து டிகிரிக்குள் உருகிவிடும். மாவும் முட்டையும் இறுகி வடிவம் பிடிப்பது அதற்கு வெகு மேலே. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தில்தான் குக்கி பரந்து, சூனியக்காரியின் தொப்பி பணியாரமாகிவிடுகிறது. உள்ளே போகும்போதே சில்லென்று இருந்தால் வெண்ணெய் உருகத் தாமதமாகும், பரவும் நேரம் குறையும். 175 டிகிரியில் ஒன்பது முதல் பதினொரு நிமிடம். ஓரம் நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். நடுப்பகுதி வேகாதது போலத்தான் தெரியும், தட்டின் சூட்டில் மிச்சம் வெந்துவிடும். வேகாத மாவைப் பிள்ளைகள் நக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. முட்டையால் வருகிற ஆபத்து எல்லாருக்கும் தெரியும். பச்சை மைதாவிலும் கிருமி உண்டு.

அச்சு விஷயத்தில் ஒரு மகிழ்ச்சி. ஆவி அச்சு இல்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. டியூலிப் பூ அச்சைத் தலைகீழாகத் திருப்பினால் ஆவி வந்துவிடும்: பூவின் இதழ் நுனிகள் ஆவியின் கிழிந்த விளிம்பாகும், காம்புப் பக்கம் தலையாகும். வசந்தத்தின் பூவைக் கவிழ்த்தால் இலையுதிர்காலத்துப் பேய் கிடைக்கிறது என்பதில் என் மகளுக்கு இன்றும் தீராத வியப்பு. அச்சே வேண்டாம் என்றால் விரல் குக்கி. மாவைச் சுண்டுவிரலை விட மெல்லியதாக உருட்டி, மூட்டு இருக்கும் இரண்டு இடங்களில் அழுத்தி, கத்திமுனையால் கோடு கீறி, நுனியில் ஒரு பாதாமைப் பதித்தால் நகம். உப்பிவிடும் என்பதால் நாம் நினைப்பதை விட ஒல்லியாகவே உருட்ட வேண்டும். கொட்டை ஆகாத வீட்டுக்குப் பரங்கி விதை.

மேலே பூசும் வெள்ளை ஐசிங் எனக்கு மிகவும் நெருக்கமானது. முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும்தான் அது. அதோடு முந்திரியைச் சேர்த்துச் சுட்டால் எங்கள் ஊர் மக்ரூன். தூத்துக்குடி பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் கூம்பு கூம்பாக அடுக்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அடித்த வெள்ளைக் கரு கரண்டியில் முனை நிற்கிற அந்தப் பதம் புதிதாகக் கற்க வேண்டியதாக இருக்கவில்லை. ஐசிங்கைச் சுடுவதில்லை என்பதால் இங்கே பச்சைக் கருவுக்குப் பதில் பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருப் பொடி விற்கிறார்கள். ஐசிங் சர்க்கரை 450 கிராமுக்கு அந்தப் பொடி மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் ஐந்தாறு மேசைக்கரண்டி. கறுப்பு வேண்டுமென்றால் முதலில் கோகோ சேர்த்துப் பழுப்பாக்கிவிட்டு அதன் மேல் கறுப்பு நிறத்தைச் சேர்க்க வேண்டும். உடனே சாம்பலாகத்தான் தெரியும். ஓர் இரவு மூடிவைத்தால் தானாகவே கறுத்துவிடும். சிலந்தி வலைக்கு, வெள்ளை காய்வதற்குள் கறுப்பில் வட்டத்துக்குள் வட்டம் வரைந்து, பல்குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளியே இழுத்தால் போதும். ஆறு வயதுக் குழந்தை செய்யும் வேலை அது.

இந்தப் பேயும் விரலும் வலையும் வெறும் வேடிக்கையா என்று கேட்பவர்களைச் சிசிலிக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. அங்கே நவம்பர் 2 காலையில் குழந்தைகள் எழுந்ததும் பரிசு தேடுவார்கள். இரவில் வந்து வைத்துவிட்டுப் போனவர்கள் அந்த வீட்டின் இறந்த முன்னோர்கள். சர்க்கரையில் வார்த்த பொம்மைகள், பாதாம் மாவில் செய்த பழங்கள், பிறகு இறந்தோர் எலும்புகள் என்ற பெயரில் ஒரு பிஸ்கட். மாவு, சர்க்கரை, தண்ணீர், கிராம்பு, இவைதான் கூட்டு. வெட்டிய துண்டுகளைச் சில நாள் காயவிடுவார்கள். மேல்தோல் இறுகி வெள்ளையாகிவிடும். சுடும்போது உள்ளிருக்கும் சர்க்கரை உருகி அடியில் இறங்கி, பழுப்புத் தட்டாகப் படிந்துவிடும்; மேலே வெள்ளையாக, உள்ளே பொள்ளலாக, எலும்பாகவே அது நிற்கும். கடித்தால் கிராம்பு மணக்கும். கட்டலோனியாவில் பைன் கொட்டை ஒட்டிய பாதாம் உருண்டைகள், மெக்ஸிகோவில் எலும்பு வடிவம் பதித்த இனிப்பு ரொட்டி. இத்தனை ஊர்ப் பெண்கள், ஒருவரையொருவர் அறியாமல், சாவைக் குழந்தையின் வாய்க்கு அளவாகச் சின்னதாக்கி, இனிப்பாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாதாம் நகத்தைக் கடித்து எடுக்கிற குழந்தை எந்தத் தத்துவமும் படிக்கவில்லை. ஆனாலும் அதன் பல்லுக்கு அடியில் இருப்பது லேசான விஷயம் இல்லை. ஆச்சி இறந்த வருடம் என் மகள் கல்லறைத் திருநாளுக்கு இங்கிருந்தே ஒரு குக்கியில் ஆச்சியின் பெயரை ஐசிங்கால் எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது. அதைத் தின்பதா வைத்துக்கொள்வதா என்று கேட்டாள். தின்னச் சொன்னேன்.

கடையில், நறுக்கித் தட்டில் வைத்தால் போதும் என்ற நிலையில், நடுவில் பரங்கிக்காயோ ஆவியோ படமாகத் தெரிகிற மாவும் விற்கிறார்கள். ஆறரை மணிக்கு வேலை விட்டு வந்து, ஏழுக்குப் பிள்ளையோடு பத்து நிமிடம் ஓவன் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார முடிகிற தாய்க்கு அது பெரிய உதவி. அதில் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. சுட்ட வாசனை வீட்டில் நிற்கிறது, அது முக்கியம்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பயம் பொய் என்றாலும் வீட்டுப் பண்டத்தை வாசலில் கொடுக்காமல் இருப்பதற்கு இன்று மெய்யான காரணம் ஒன்று இருக்கிறது. நிலக்கடலை, பாதாம், பால், முட்டை, கோதுமை, எள் என்று ஏதேனும் ஒன்று உயிருக்கே ஆபத்தாக இருக்கிற குழந்தைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். 2023 முதல் அமெரிக்காவில் எள்ளையும் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட்டாக வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே, தின்பண்டம் அல்லாத சிறு பொருள்கள் இங்கே கிடைக்கும் என்று காட்ட, நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயை வாசலில் வைக்கும் இயக்கம் 2014 முதல் நாடு முழுவதும் பரவியிருக்கிறது. எங்கள் வாசலிலும் ஒன்று உண்டு. முகம் தெரியாத குழந்தையின் கையில் முகம் தெரியாத குக்கியைத் திணிக்க எனக்கு உரிமை இல்லை. ஷ்ராப்ஷயர் மேசைக்குத் திரும்பிப் போக வழி இல்லை என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் மகள் சொன்ன வழி ஒன்று இருந்தது. போய்ச் சொல்லிவிட்டு வரலாம். அன்றைக்குத் தட்டியவர் வந்தார், சுட்டவர் காத்திருந்தார். இப்போது சுட்டவர்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்ட வேண்டும். ஹாலோவீனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, முகமூடி இல்லாமல் போகிறோம். முதல் வருடம் சில வீடுகளில் கதவு பாதிதான் திறந்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எதையோ விற்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சீட்டு கட்டியிருப்போம். எங்கள் பெயர், வீட்டு எண், அதற்குக் கீழே பொருட்பட்டியல். மகள்தான் எழுதுவாள்: கோதுமை மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, வனிலா, உப்பு. இந்தத் தட்டில் கொட்டை இல்லை. அதே சமையலறையில் பாதாம் உபயோகித்திருக்கிறோம். யாருக்காவது ஏதாவது ஆகாது என்றால் சொல்லுங்கள், அடுத்த முறை வேறு செய்கிறோம்.

அந்தச் சீட்டைத்தான் அவர்கள் நின்று படிக்கிறார்கள். படித்த பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. மூன்றாம் வீட்டுப் பையனுக்கு முட்டை ஆகாது என்று அப்படித்தான் தெரியவந்தது. அவனுக்கு மட்டும் இப்போது வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று மூன்றே பொருளில், ஒரு பங்கு சர்க்கரைக்கு இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்ற ஸ்காட்லாந்துக் கணக்கில் சுடுகிறோம். டோநட் வீட்டுக் கதை சொன்ன அம்மாள் போன வருடம் பதிலுக்கு ஒரு தகர டப்பா கொடுத்தனுப்பினார். உள்ளே இஞ்சிக் குக்கிகள், அவற்றின் மேல் நடுங்கும் கையெழுத்தில் பொருட்பட்டியல்: மாவு, வெல்லப்பாகு, சுக்கு, கிராம்பு, பன்றிக்கொழுப்பு. கடைசிப் பொருளுக்குப் பக்கத்தில், உங்கள் வீட்டில் இது ஆகுமா என்று ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ஆகும் என்று சொல்வதற்கு அன்று மாலையே போனோம்.